சீவாளிக்கு மேலே

நாகசுரத்தில் துளைகளை விரல்கள் பார்த்துக்கொள்ளும். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே இருக்கிற குழைவுகளை மூச்சும் உதடும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சீவாளியை எவ்வளவு உள்ளே வாங்குவது, எவ்வளவு அழுத்துவது, எந்த இடத்தில் விடுவது என்பதெல்லாம் உதட்டுக்குப் பழகிவர ஒருவருடைய இளமை முழுவதும் ஆகிவிடும். என் அப்பாவுக்குப் பழகியிருந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவன் கோயிலில் காலையிலும் அர்த்தசாமத்திலும் அவருடைய சேவை. ஆவணியிலும் தையிலும் கல்யாணங்கள். அந்த உதட்டின் சம்பாத்தியத்தில்தான் நாங்கள் படித்தோம்.

கட்டி வந்தது மேலுதட்டில். வலது பக்கம், மூக்கின் ஓரத்துக்கு நேர் கீழே, சிவந்த உதடு தொடங்கும் கோட்டுக்குச் சற்று மேலே. அப்பா மீசை வைத்ததில்லை. சவரம் செய்ய வீட்டுக்கு வருபவர்தான் கத்தி அந்த இடத்தில் ஏறி இறங்குவதை முதலில் கவனித்துச் சொன்னார். அப்போது அது தொட்டால் தெரிகிற அளவுக்குத்தான் இருந்தது. வலி கிடையாது, அரிப்பு கிடையாது, நிறமும் மாறவில்லை. வருஷங்கள் போகப்போக மெதுவாகப் பெருத்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோது சுண்டைக்காய் அளவுக்கு வந்திருந்தது. கச்சேரிக்கு வருபவர்கள் வாசிப்பைக் கேட்பதற்கு முன்னால் அதைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அப்பாவுக்குத் தவில் வாசித்தவர், "அண்ணே, சீவாளி தடிப்பு. அழுத்தி அழுத்திச் சதை காய்ச்சுப்போச்சு" என்றார். பாட்டி திருஷ்டி என்றாள். அம்மா அப்பாவின் வெற்றிலைப் பெட்டியைக் காட்டினாள். அதில் சீவலோடு பன்னீர்ப் புகையிலையும் இருக்கும். அப்பா மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவருக்குள்ளும் ஒரு காரணம் இருந்தது என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. பாட்டியின் கடைசி நாட்களில் வெளியூரில் ஒரு திருவிழாவுக்கு வாசிக்கப் போய்விட்டு, அவள் போன பிறகுதான் திரும்பி வந்தார். அதற்கான தண்டனை ஊதுகிற உதட்டிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். கட்டி பாட்டி இருந்த காலத்திலேயே தொடங்கியது என்று யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவர் வாய் திறந்து சொல்லாததால் யாரும் சொல்லவில்லை.

அம்மாவின் பயத்துக்கு மட்டும் கண்முன்னே ஆதாரம் இருந்தது. எங்கள் தெருவிலேயே ஒருவர் கன்னத்தில் புற்று வந்து, பேச்சு போய், சாப்பாடு போய், கடைசியில் அடையாளம் தெரியாமல் இறந்திருந்தார். அவரும் புகையிலை போட்டவர். வாயைச் சுற்றி எது வந்தாலும் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு முதலில் வருவது அந்த முகம்தான். அது மூடநம்பிக்கை அல்ல. புகையிலையும் பாக்கும் வாய்ப்புற்றுக்குக் காரணம் என்பது உலகம் ஒப்புக்கொண்ட உண்மை.

முதலில் போனது பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்குக்கு. டாக்டர் தொட்டுப் பார்த்தார். "கொழுப்புக் கட்டிதான், கீறி எடுத்துடலாம்" என்றார். அங்கேயே மரத்துப்போகும் ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, இரண்டு பக்கமும் பிதுக்கினார். ஒன்றும் வரவில்லை. தோலடியில் வருகிற அந்த வகைக் கட்டிகளுக்கு ஒரு பை இருக்கும். உள்ளே வெண்மையாக, நாற்றமடிக்கிற மாவு மாதிரியான பொருள் இருக்கும். பல சமயம் மேலே ஒரு கரும்புள்ளியும் தெரியும். அப்பாவின் கட்டியில் கரும்புள்ளி இல்லை, பை இல்லை, மாவும் இல்லை. ரத்தம் மட்டும் வந்தது. அவர் ஒரு தையல் போட்டு, மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். காயம் ஆறியது, கட்டி அப்படியே இருந்தது. இப்போது அதன் மேல் ஒரு தழும்பும் சேர்ந்துவிட்டது.

இந்தக் கட்டிக்கு இது புதிய கதை அல்ல என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மேலே இருக்கும் தோல் மாறாமல், வலியில்லாமல், உருண்டு திரண்டு இருப்பதால் அநேகமாக எல்லா இடத்திலும் முதலில் இதைக் கொழுப்புக் கட்டி என்றுதான் எண்ணிக்கொள்கிறார்கள். கண்ணால் பார்த்து இதன் பேரைச் சொல்வது தேர்ந்தவர்களுக்கும் அரிது.

பிறகு தஞ்சாவூர். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு நானும் அப்பாவும் உட்கார்ந்திருந்தோம். அங்கே அப்பாவைப் பார்த்த அறுவைச் சிகிச்சை நிபுணர் வயதில் அப்பாவைவிடச் சிறியவர். அவர் செய்த பரிசோதனை இன்றைக்கும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல வேலைகளில் அதுவும் ஒன்று.

முதலில் கட்டியைத் தொடவே இல்லை. தாடைக்குக் கீழும் கழுத்திலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இல்லை. வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் ஓரம், நாக்கின் அடி எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்தார். அம்மா பயந்த விஷயத்துக்கு அந்த இடங்களில்தான் பதில் இருந்தது. வெற்றிலைக் கறை தவிர ஒன்றுமில்லை. புகையிலையை விட்டுவிடச் சொல்லிக் கண்டிப்பாகச் சொன்னார். ஆனால் இந்தக் கட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை என்றும் உடனே சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு விரலை உதட்டின் உட்புறமும் ஒரு விரலை வெளியிலும் வைத்துக் கட்டியை நடுவில் பிடித்தார். உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கட்டியின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. வெளித் தோலோ கட்டியோடு சேர்ந்து நகர்ந்தது. பிறகு கேட்டார்:

"ஐயா என்ன வேலை பார்க்கிறீங்க?"

"நாயனம் வாசிக்கிறேன்."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அதுவரை ஒரு கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் ஓர் உதட்டைப் பார்த்தார். "சீவாளி கையில இருக்கா?" என்றார். அப்பா எங்கே போனாலும் இடுப்பு மடிப்பில் ஒன்று வைத்திருப்பார். "வாயில வச்சு ஊதுற மாதிரி இறுக்கிப் பிடிங்க" என்றார். அப்பா பிடித்தார். அந்த வராந்தாவில், ஓசை எழுப்பாமல், வாசிக்கப்போகிற தயார் நிலையில் உதட்டைக் குவித்து நின்றார். டாக்டர் குனிந்து பக்கவாட்டிலிருந்து பார்த்தார். கட்டி முன்னைவிட எடுப்பாகத் துருத்திக்கொண்டு நின்றது.

அந்த ஒரு பார்வையில் பாதிக் கேள்வி தீர்ந்துவிட்டதை அவரே எங்களுக்கு விளக்கினார். உதட்டில் வெளியிலிருந்து உள்ளே போனால் முதலில் தோல், அதன் மயிர்க்கால்கள், வியர்வைச் சுரப்பிகள். அதற்கு உள்ளே வாயைச் சுற்றி வளையமாக ஓடும் தசை. சீவாளியைப் பிடிப்பது அதுதான். தசைக்கும் பின்னால், வாய்ச் சவ்வுக்கு அடியில், சின்னச் சின்ன உமிழ்நீர்ச் சுரப்பிகள். தசையை இறுக்கும்போது கட்டி உள்ளே அமுங்கினால் அது தசைக்குப் பின்னால் இருக்கிறது; எடுப்பாக வந்தால் முன்னால் இருக்கிறது. அப்பாவின் கட்டி தசைக்கு முன்னால், தோலில் இருந்தது. உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. மேலுதடு என்பதும் நல்ல சேதி. உதட்டுப் புற்று பெரும்பாலும் வெயில் படும் கீழுதட்டில்தான் வரும் என்றார். ஆனாலும் என்ன கட்டி என்று இப்போது சொல்ல மாட்டேன், ஊசி போட்டு உறிஞ்சிப் பார்க்கலாம், அதற்குப் பிறகும் முழுசாக எடுத்துச் சதைப் பரிசோதனை செய்தால்தான் உறுதி என்றார். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்ட அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் அத்தனை நாளாக ஒருவரும் பேசாத பேச்சு.

ஊசியால் உறிஞ்சும் பரிசோதனையை நோயியல் துறையில் ஓர் அம்மையார் செய்தார். நான் விலங்கியல் மாணவி என்று தெரிந்ததும், "வாம்மா, நீயே பாரு" என்று மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்காரவைத்தார். கண்ணாடித் தகட்டில் பூசிக் காயவைத்து, ஜீம்சா சாயம் ஏற்றியிருந்தார்கள். சின்னச் சின்னக் கூட்டங்களாக, ஒரே அளவில், ஒழுங்கான செல்கள். அவற்றைச் சுற்றியும் ஊடேயும் நார்நாராக, அடர்ந்த கத்தரிப்பூவும் சிவப்பும் கலந்த நிறத்தில் ஏதோ ஒன்று. "செல் மட்டும் பார்க்காதே, அதுங்களுக்கு நடுவுல இருக்கிறதைப் பார்" என்றார். அந்த நடுவே இருந்த பொருள்தான் அவருக்குத் துப்பு. அந்த நிறமும் நார்த்தன்மையும் இந்தக் குடும்பத்துக் கட்டிகளுக்கே உரியவை என்றார். தீங்கற்ற கலவைக் கட்டியாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அப்பா வெளியே பெஞ்சில் இருந்தார். அந்த அம்மையார் வந்து விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இது நான் ஊதினதால வந்ததாம்மா?" என்பதுதான். இல்லை ஐயா, ஊதாதவர்களுக்கும் வருகிறது, நடு வயசு ஆண்களுக்குக் கொஞ்சம் அதிகமாக வருகிறது, அழுத்தத்தால் வருகிற காய்ப்பில் இந்தச் செல்கள் இருக்காது என்றார். அப்பா அடுத்து எதையோ கேட்க வந்து நிறுத்திக்கொண்டார். அந்த அம்மையாருக்கு என்ன தோன்றியதோ, "நீங்க செஞ்ச எதனாலயும் வந்ததில்லை" என்று சேர்த்துச் சொன்னார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பாட்டியின் கதையை ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் சொன்னார்.

அறுவைச் சிகிச்சை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊசி போட்டால் உதடு வீங்கி, சிவந்த உதட்டுக்கும் தோலுக்கும் நடுவே இருக்கிற கோடு கலைந்துவிடும் என்பதால், மரத்துப்போகும் ஊசிக்கு முன்பே அந்தக் கோட்டை மையால் குறித்துக்கொண்டார்களாம். தைக்கும்போது அந்தக் கோடு ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் என்றார் டாக்டர். கட்டியை மட்டும் தோண்டி எடுக்காமல், சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து எடுத்தார். அப்படி எடுக்காவிட்டால் இந்தக் கட்டி திரும்ப வருவதுண்டு. தசையின் மேற்பரப்பு வரைதான் போனார், தசையைத் தொடவில்லை.

எடுத்த கட்டி ஃபார்மலின் பாட்டிலில் மிதந்தது. அதைக் குறுக்கே அறுத்தபோது நான் பார்த்தேன். வெட்டுமுகம் சாம்பல் வெள்ளையாக, பளபளப்பாக, கெட்டியாக இருந்தது. காது மடலின் குருத்தெலும்பை அறுத்தால் தெரிகிற பளபளப்பு. பிறகு அது மெழுகில் புதைந்து, சில மைக்ரான் தடிமனுள்ள சீவல்களாகி, ஹிமாடாக்சிலினும் ஈயோசினும் ஏற்றிய தகடாக வந்தது. ஹிமாடாக்சிலின் மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுக்கும் சாயம். செல்லின் உட்கருவை நீலமாக்கும். ஈயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். உலகில் எந்த மூலையில் கட்டிக்குப் பேர் வைத்தாலும் இன்றுவரை அநேகமாக இந்த இரண்டு நிறத்தில்தான் தொடங்குகிறார்கள்.

அந்த அம்மையார் மறுபடியும் என்னை உட்காரவைத்தார். தோலின் மேல்பரப்பு தெரிந்தது. கட்டி அதிலிருந்து விலகி, நடுத்தோலில் தெளிவான எல்லையோடு இருந்தது. உள்ளே கிளைவிட்டு ஓடும் குழாய்கள். ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு வரிசைச் செல்கள். உள்வரிசைச் செல்கள் தங்கள் தலையைக் கிள்ளி உள்ளே போடுவது போன்ற தோற்றம். அபோகிரைன் என்ற வகை வியர்வைச் சுரப்பிகளின் வழக்கம் அது. வெளிவரிசையில் இருந்தவை தசைத் தன்மையும் உள்ள செல்கள். அவை குழாயை விட்டுப் பிரிந்து, தாமே உற்பத்தி செய்த நீலம் பாய்ந்த பொருளுக்குள் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தன. சில இடங்களில் அது அப்படியே குருத்தெலும்பு. எலும்போ குருத்தெலும்போ இல்லாத உதட்டில், ஒரு வியர்வைச் சுரப்பியின் செல்கள் குருத்தெலும்பைச் செய்துவைத்திருந்தன. நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் உடம்பிலிருந்து வந்தது என்பதையே சற்று நேரம் மறந்துவிட்டேன். இங்கொன்றும் அங்கொன்றுமாக மயிர்க்காலில் காணும் கெரட்டின் அடைத்த நுண்பைகளும் இருந்தன. உமிழ்நீர்ச் சுரப்பியல்ல, தோல்தான் பிறப்பிடம் என்பதற்கு அவையும் ஒரு சாட்சி.

ரிப்போர்ட்டில் "காண்ட்ராய்டு சிரிங்கோமா" என்று இருந்தது. தீங்கற்றது, விளிம்புகளில் கட்டி இல்லை. தோலில் தொடங்கும் கட்டிகளில் ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவாகவே இது காணப்படுகிறது. வந்தால் பெரும்பாலும் தலையிலும் முகத்திலும்தான்: மூக்கு, கன்னம், மேலுதடு. புற்றாக மாறிய வடிவம் மிக மிக அரிது. அதுவும் கைகால்களிலும் உடம்பிலும்தான் அதிகம்.

அபோகிரைன் சுரப்பி அக்குளில் இருப்பது எனக்குத் தெரியும். உதட்டில் அதற்கு என்ன வேலை என்ற கேள்வி என்னை விடவில்லை. ஆசிரியையான பிறகு, மாணவிகளுக்குத் தோலைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது தேடிப் படித்தேன். கருவில் மயிர்க்கால்கள் தோன்றும்போது உடம்பின் பெரும்பகுதியில் அவற்றோடு சேர்ந்து அபோகிரைன் மொட்டுகளும் தோன்றுகின்றன. பிறகு பெரும்பாலான இடங்களில் மறைந்து, அக்குள், முலைக்காம்பின் சுற்றுப்புறம், கண்ணிமை, காதுக்குழாய் என்று சில இடங்களில் மட்டும் தங்குகின்றன. மயிர்க்காலும் எண்ணெய்ச் சுரப்பியும் இந்தச் சுரப்பியும் ஒரே முளையிலிருந்து வந்த உறவுகள். அந்தப் பழைய முளையின் திறமை முகத்துத் தோலில் எங்கோ எஞ்சியிருக்கிறது.

இந்தக் கட்டியை 1859-இல் முதலில் விவரித்தவராகச் சொல்லப்படுபவர் தியோடர் பில்ரோத். 1873-இன் கடைசி நாளில் புற்றுநோய்க்காக முதல்முதலாகக் குரல்வளையை முழுதாக எடுத்தவரும், 1881-இல் இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக வெட்டி எடுத்தவரும் அவரே. அவர் இசைக் கலைஞரும்கூட. பியானோவும் வயலினும் வாசித்தார். பிராம்ஸ் என்ற மேதையின் நெருங்கிய நண்பர். பிராம்ஸ் தன் முதல் இரண்டு தந்திவாத்திய நால்வர் இசைகளை இவருக்குத்தான் காணிக்கையாக்கினார். இதைச் சொன்னபோது அப்பா வெகுவாகச் சந்தோஷப்பட்டார். "அவரும் நம்மாளுதான்" என்று தவில்காரரிடம் சொன்னார்.

பில்ரோத்துக்குப் பிறகு நூறு வருஷம் இது கலவைக் கட்டி என்றே வழங்கியது. 1961-இல் ஹிர்ஷ், ஹெல்விக் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 188 கட்டிகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, இப்போதைய பேரை முன்மொழிந்தார்கள். உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் கலவைக் கட்டிக்கும் இதற்கும் இருந்த முகச் சாயலுக்கு விளக்கம் கிடைக்க இன்னும் காலம் ஆயிற்று. எட்டாம் குரோமோசோமில் பிளாக்-1 என்று ஒரு மரபணு இருக்கிறது. கருவில் வேலை செய்துவிட்டுப் பிறகு பெரும்பாலும் அடங்கிக் கிடக்க வேண்டியது. குரோமோசோம் ஒடிந்து இடம்மாறி ஒட்டும்போது அது மறுபடி விழித்துக்கொள்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் 1997-இல் முதலில் கண்டார்கள். தோலில் வரும் இந்தக் கட்டிகளிலும் ஒரு பகுதியில் அதே மாற்றம் இருப்பது பின்னால் தெரிந்தது. ஒரு செல்லில், ஒரு பொழுதில், யாரும் செய்யாமல் நேர்ந்த ஒடிவு. திருஷ்டி, தண்டனை, தடித்த சீவாளி என்று எங்கள் வீடு சுமந்த அத்தனைக்கும் பதிலாக எனக்குக் கிடைத்தது இதுதான். இதைவிட ஆறுதலான ஒன்றை நான் படித்ததில்லை.

தையல் பிரித்த பிறகும் டாக்டர் சில வாரங்கள் வாசிக்க விடவில்லை. முதலில் சீவாளியை மட்டும் வைத்துப் பழகினார் அப்பா. தழும்பு இழுத்த பக்கத்தில் காற்று கசிந்தது. மேல் ஸ்தாயியில் சுரம் நிற்கவில்லை. திருவாவடுதுறைக்குப் போய் கொஞ்சம் இளக்கமான சீவாளிகள் வாங்கிவந்தார். தழும்பு மெதுவாக நெகிழ்ந்தது. அடுத்த திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசித்தார். கட்டி திரும்ப வரவேயில்லை. புகையிலையையும் விட்டுவிட்டார்.

பல வருஷம் கழித்து அவரிடம் கற்றுக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு உதட்டில் கொப்புளம் மாதிரி ஒன்று வந்தது. ஊதுவதால் வந்தது என்று அவன் வீட்டில் நாயனத்தையே நிறுத்தப் பார்த்தார்கள். அப்பா அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "மேல் உதடா, கீழ் உதடா? உள்ளயா, வெளியயா? வலிக்குதா? எத்தனை நாளா இருக்கு?" எல்லாம் கேட்டு, உதட்டைப் புரட்டிப் பார்த்தார். கீழுதடு, உட்புறம், நீலம் பாய்ந்த நீர்க்குமிழி. ஊசியால் குத்தக் கூடாது, பிதுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, மறுநாள் தானே தஞ்சாவூருக்குப் பஸ் ஏற்றி அழைத்துப் போனார். பல் கடித்ததில் சின்ன உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் அறுந்து, நீர் வெளியே கசிந்து தேங்கியது என்றார்கள். அந்தச் சுரப்பியோடு சேர்த்து எடுத்துவிட்டால் சரியாகிவிடும், வாசிக்கலாம் என்றார்கள். பையனின் அப்பா கும்பிட்டுவிட்டு எழுந்தார். அப்பா எழவில்லை. எடுத்ததைச் சதைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்று கேட்டு, அனுப்புவோம் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் எழுந்தார்.